உஸ்தாத் ஒப்படைத்த அமானிதம்: அல்லாமா ஸையித் ஸுலைமான் நத்வீ (ரஹ்)

அமானிதம் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்குப் பணமும் நகையும் நிலப்பத்திரமும்தான் நினைவுக்கு வருகின்றன. நம்பி ஒப்படைக்கப்பட்டதை உரியவர்களிடம் குறைவின்றிச் சேர்த்துவிட வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை. அதை நாம் கொடுக்கல் வாங்கலோடு நிறுத்திக் கொள்கிறோம். ஓர் உஸ்தாத் தம் மாணவரிடம் விட்டுச் சென்ற கல்வியும் அமானிதமே. முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற கிதாபுகளும் அமானிதமே. இந்த அமானிதத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து நிறைவேற்றிய ஒரு பெருமகனாரின் சரித்திரத்தை இந்த இதழில் காண்போம்.

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டுவிட்டால் ஸீரத் பயான்கள் தொடங்கி விடுகின்றன. அந்த பயான்களைத் தயாரிக்க உர்தூ அறிந்த ஆலிம்கள் நாடும் நூல்களில் முதன்மையானது ‘ஸீரத்துன் நபி’ என்னும் ஏழு பாகங்கள் கொண்ட பெருநூல். அதன் அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று அல்லாமா ஷிப்லீ நுஃமானீ (ரஹ்). மற்றொன்று ஸையித் ஸுலைமான் நத்வீ (ரஹ்). முதலாமவர் தொடங்கினார்கள், இரண்டாமவர் தொடர்ந்தார்கள். இடையே நடந்தது என்ன என்பதே இச்சரித்திரத்தின் உயிர்.

பிறப்பும் கல்வியும்

பீஹார் மாநிலத்தில் தேஸ்னா என்பது ஒரு சிற்றூர். கல்வியால் பெயர் பெற்ற ஸையித் குடும்பங்கள் வாழ்ந்த ஊர். அங்கே 1884 நவம்பர் 22ல் ஸுலைமான் நத்வீ அவர்கள் பிறந்தார்கள். தந்தை ஹகீம் ஸையித் அபுல் ஹஸன் அவர்கள் யூனானி வைத்தியர், இறைவணக்கத்தில் தோய்ந்தவர். ஆரம்பக் கல்வியை ஊரிலும், பின்னர் புல்வாரி ஷரீஃபிலும் தர்பங்காவிலும் பெற்ற அவர்கள், 1901ல் லக்னோவிலுள்ள தாருல் உலூம் நத்வத்துல் உலமாவில் சேர்ந்தார்கள்.

பழைய மார்க்கக் கல்வியையும் புதிய கால அறிவையும் ஒருங்கே கற்ற ஆலிம்களை உருவாக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எழுந்தது நத்வா. சில ஆண்டுகளில் அதன் கல்விப் பொறுப்பை ஏற்று அல்லாமா ஷிப்லீ அவர்கள் வந்தார்கள். வைரத்தைக் கண்ட வியாபாரியைப் போல் இந்த மாணவரை அவர்கள் இனங்கண்டு கொண்டார்கள். 1907ல் நடந்த பட்டமளிப்பு விழாவில், சபையோர் அப்போதே கொடுத்த தலைப்பில், முன்தயாரிப்பு ஏதுமின்றி ஸுலைமான் அவர்கள் அரபியில் சரளமாக உரை நிகழ்த்தினார்கள். சபை வியந்தது. உள்ளம் பூரித்த ஷிப்லீ அவர்கள் தம் தலையிலிருந்த தலைப்பாகையைக் கழற்றி மாணவரின் தலையில் சூட்டினார்கள்.

பின்னர் நத்வாவிலேயே அரபி போதித்தார்கள். இந்திய மதரஸாக்கள் பலவற்றிலும் பிள்ளைகள் ஓதிய ‘துரூஸுல் அதப்’ என்னும் அரபிப் பாடநூல் அவர்கள் எழுதியதே. 1913ல் கல்கத்தா சென்று மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் ‘அல்ஹிலால்’ பத்திரிகையில் பணியாற்றினார்கள். அதன்பின் பூனா டெக்கான் கல்லூரியில் பார்ஸி பேராசிரியர் பதவி கிடைத்தது. அரசாங்கக் கல்லூரி உத்தியோகம், நிலையான சம்பளம், சமூகத்தில் மதிப்பு. ஓர் இளம் ஆலிம் இதற்கு மேல் எதை விரும்புவார்?

மரணப் படுக்கையில் வந்த பொறுப்பு

அந்நாளில் ஷிப்லீ அவர்கள் தம் சொந்த ஊரான ஆஸம்கட்டில் இருந்தபடி நபி (ஸல்) அவர்களின் சரித்திரத்தை எழுதிக் கொண்டிருந்தார்கள். போபால் அரசி நவாப் ஸுல்தான் ஜஹான் பேகம் அவர்கள் அதற்குப் பொருளுதவி செய்து வந்தார்கள். நூல் முடியவில்லை, ஆயுள் முடியும் நேரம் வந்துவிட்டது. தந்தி கிடைத்து ஸுலைமான் அவர்கள் பூனாவிலிருந்து ஆஸம்கட் ஓடி வந்தார்கள். பேசவும் பலமின்றிக் கிடந்த உஸ்தாத், மற்ற வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு ஸீரத்தை முடிக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். 1914 நவம்பர் 18ல் ஷிப்லீ அவர்கள் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அப்போது மாணவருக்கு முப்பது வயது நிரம்ப நான்கு நாட்கள் இருந்தன. அந்த வயதில் மனிதன் சம்பாத்தியத்தையும் குடும்பத்தையும் பற்றித்தான் கணக்கிடுவான். இவர்களோ பூனா உத்தியோகத்தை விட்டார்கள். ஷிப்லீ அவர்கள் தம் வீட்டையும் தோட்டத்தையும் கிதாபுகளையும் ஓர் ஆய்வுக் கழகத்திற்காக வக்ஃபு செய்திருந்தார்கள். உஸ்தாத் மறைந்த மூன்றே நாட்களில், மௌலானா ஹமீதுத்தீன் ஃபராஹீ (ரஹ்) முதலானோர் கூடி அந்தக் கழகத்தை நிறுவினார்கள். அதுவே ‘தாருல் முஸன்னிஃபீன்’ எனப்படும் நூலாசிரியர் இல்லம். அதன் நாளிம், அதாவது இயக்குநர் பொறுப்பு ஸுலைமான் அவர்களிடம் வந்தது.

ஒரு நூலகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்

ஆஸம்கட் பெருநகரமன்று. அங்கே நடுவில் நூலகம், சுற்றிலும் ஆய்வாளர்கள் தங்கும் இடம், ஒரு பள்ளிவாசல், சொந்த அச்சகம். இளம் ஆலிம்கள் எளிய உதவித்தொகையில் அங்கேயே தங்கி, நூலகத்தில் படித்து, எழுதி, மூத்தவர்களிடம் திருத்தம் பெற்று நூல் வெளியிட்டார்கள். 1916 ஜூலையில் ‘மஆரிஃப்’ என்னும் மாத இதழ் தொடங்கியது. நூறாண்டு கடந்தும் அது வெளிவந்தது. நூல்களைப் பூட்டி வைக்கும் இடமாக இல்லாமல், நூல்களிலிருந்து நூல்களையும், மாணவர்களிலிருந்து ஆசிரியர்களையும் உருவாக்கும் இடமாக அந்த நூலகத்தை ஸுலைமான் அவர்கள் சுமார் முப்பத்திரண்டு ஆண்டுகள் நடத்தினார்கள்.

ஸீரத்தின் முதல் பாகம் 1918ல் வெளிவந்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உஸ்தாதின் கையெழுத்துப் பிரதியில் தாம் சேர்க்க நேர்ந்த வாசகங்களை அவர்கள் அடைப்புக்குறிக்குள் தனியாகக் காட்டினார்கள். எது உஸ்தாத் எழுதியது, எது மாணவர் சேர்த்தது என்பதில் வாசகருக்கு ஐயம் வரக் கூடாதல்லவா? அமானிதம் என்பது இதுதான். முதல் இரு பாகங்கள் உஸ்தாதின் எழுத்து. அதன்பின் முஃஜிஸாத்துகள், நபித்துவமும் அகீதாவும், இபாதத்துகள், அக்லாக் என அடுத்த நான்கு பாகங்களைத் தாமே எழுதினார்கள். முஆமலாத் பற்றிய ஏழாம் பாகம் முற்றுப்பெறாத நிலையில் அவர்களின் வபாத்துக்குப் பின் அச்சேறியது. உஸ்தாதைப் போலவே மாணவரும் பேனா கையில் இருக்கும்போதே அழைக்கப்பட்டார்கள்.

இதற்கிடையே எழுதிய மற்ற நூல்களும் சாதாரணமானவையல்ல. குர்ஆனில் வரும் ஆது, ஸமூது, ஸபா முதலான சமூகங்கள் வாழ்ந்த நிலங்களை, பண்டைக் கல்வெட்டு ஆய்வுகளின் துணையோடு ‘அர்ளுல் குர்ஆன்’ விளக்கியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சரித்திரம் மற்றொன்று. உமர் கய்யாமை மதுக்கவிஞராக மட்டுமே கண்ட உலகுக்கு, அவர் கணித மேதை, தத்துவஞானி என்று நிறுவிக் காட்டியது ‘கய்யாம்’. 1929ல் அலகாபாத்தில் நிகழ்த்திய உரைகள் ‘அரபு இந்தியத் தொடர்புகள்’ என்ற பொருளில் நூலாயின. வடக்கே படையெடுப்புகள் நடப்பதற்கு முன்பே தென்னகக் கடற்கரைகளில் அரபு வணிகர்கள் வந்து குடியேறி, உள்ளூர் மக்களோடு நல்லுறவில் வாழ்ந்ததை அதிலே எடுத்துக் காட்டினார்கள். தமிழகத்துச் சோழமண்டலக் கரைதான் அரபுகள் ‘மஃபர்’ என்றழைத்த நாடு. நம் முன்னோர் சரித்திரத்துக்கும் ஆஸம்கட் நூலகத்திலிருந்து ஒளி கிடைத்தது.

சென்னைக்கு வந்த ஸீரத்

தென்னாட்டு முஸ்லிம்களுக்கு அவர்கள் மீது தனி உரிமையே உண்டு. 1925 அக்டோபர், நவம்பர் மாதங்களில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, நபி (ஸல்) அவர்களின் ஸீரத் பற்றி எட்டு உரைகள் நிகழ்த்தினார்கள். இந்த உரைத்தொடருக்கு முன்னின்றவர் வள்ளல் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்கள். அன்னார் தோல் வணிகர் என்பதை நம் பகுதி மக்கள் பெருமையோடு நினைத்துக் கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆண்டான 1924ல்தான் ஆம்பூருக்கு அருகில் உமராபாத்தில் காகா முஹம்மது உமர் சாஹிப் என்ற தோல் வணிகர் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். தோல் மண்டியில் ஈட்டிய ஹலாலான பொருள் கல்விக்கு ஓடிய காலம் அது.

அந்த எட்டு உரைகள் ‘குத்பாத்தே மத்ராஸ்’ என்ற பெயரில் நூலாகி அரபியிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டன. நம் நகரின் பெயரைத் தாங்கிய அந்நூல் உலகமெங்கும் ஓதப்படுகிறது. மனித குலம் முழுவதற்கும் ஒருவர் முன்மாதிரியாக வேண்டுமானால் நான்கு தகுதிகள் வேண்டும் என்று அதில் வாதிட்டார்கள். அவருடைய வாழ்வு சரித்திர ஆதாரத்தோடு நிலைபெற்றிருக்க வேண்டும். எப்பகுதியும் மறைவின்றி முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். வாழ்வின் எல்லாத் துறைகளையும் தழுவியிருக்க வேண்டும். சொன்னதை அவரே செய்து காட்டியிருக்க வேண்டும். இந்நான்கும் பெருமானார் (ஸல்) அவர்களிடம் நிறைந்திருப்பதை ஒவ்வொன்றாக நிறுவினார்கள்.

முதல் தகுதியாகச் சரித்திர ஆதாரத்தை வைத்தது ஏன்? ஒரு ஹதீஸைக் காப்பதற்காக, அதை அறிவித்த ஆயிரக்கணக்கானோரின் பெயர், ஊர், உஸ்தாத், நினைவாற்றல், நேர்மை அனைத்தையும் தேடி எழுதி வைத்த உம்மத் நம் உம்மத். அஸ்மாஉர் ரிஜால் என்னும் அக்கலையைப் பெற்ற நாம், யார் சொன்னது என்று கேட்காமல் ஒரு செய்தியைச் சொல்லலாமா? மிம்பரில் நின்று ஆதாரமற்ற கதையைச் சொல்பவரும், கைப்பேசியில் வந்த ‘ஹதீஸை’ அப்படியே பத்துப் பேருக்கு அனுப்புபவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

திருத்திக் கொண்ட துணிவு

அவர்கள் நூலகத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்களுமல்லர். 1920ல் மௌலானா முஹம்மது அலீ தலைமையில் லண்டன் சென்ற கிலாஃபத் தூதுக்குழுவில் இடம்பெற்றார்கள். 1926ல் மக்காவில் நடந்த உலக முஸ்லிம் மாநாட்டுக்கு இந்தியக் குழுவோடு சென்றார்கள். 1933ல் அல்லாமா இக்பாலோடு ஆப்கானிஸ்தான் சென்று கல்வித்துறைக்கு ஆலோசனை கூறினார்கள். அலீகட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

இவ்வளவு புகழும் சூழ்ந்த பின், 1938ல் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்களின் கரம் பற்றி பைஅத் செய்தார்கள். உலகறிந்த சரித்திர ஆசிரியர், ஐம்பது வயதைக் கடந்து மீண்டும் மாணவராக அமர்ந்தார்கள். 1943ல் தம் ‘மஆரிஃப்’ இதழிலேயே, தாம் முன்பு எழுதிய சில கருத்துக்களிலிருந்து மீண்டு விட்டதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். உருவப்படம் பற்றி எழுதியிருந்ததும் அவற்றுள் ஒன்று. எழுதியதைக் காப்பாற்ற மேலும் பத்துக் கட்டுரை எழுதுவது அறிஞர்களுக்கு எளிது. தவறினேன் என்று எழுதுவதுதான் கடினம். அதைச் செய்ய வைத்தது எது? பிறர் அறிவிப்பை எந்தத் தராசில் நிறுத்தார்களோ, அதே தராசில் தம் எழுத்தையும் நிறுத்த நேர்மைதான்.

1946ல் போபால் சமஸ்தானத்தின் தலைமைக் காஜியாகப் பொறுப்பேற்றார்கள். 1949ல் ஹஜ்ஜு செய்தார்கள். 1950ல் கராச்சி சென்றார்கள். 1951 ஜனவரியில் பல்வேறு பிரிவுகளைச் சேர்ந்த உலமாக்கள் 31 பேர் அங்கே கூடி, அரசியல் சட்ட அடிப்படைகளாக 22 அம்சங்களை ஏகமனதாக வகுத்த கூட்டத்துக்கு அவர்களே தலைமை தாங்கினார்கள். 1953 நவம்பர் 22ல், 69 ஆண்டுகளுக்கு முன் தாம் பிறந்த அதே தேதியில், கராச்சியில் வபாத்தானார்கள். தாம் வளர்த்த ஆஸம்கட் நூலகம் எங்கோ இருக்க, வேறொரு நாட்டு மண்ணில் அடங்கினார்கள். ஆனால் நூலகம் நின்றுவிடவில்லை. அவர்கள் உருவாக்கிய மாணவர்கள் அதைச் சுமந்தார்கள். அமானிதம் அடுத்த கைக்கு மாறியது.

நமக்கு என்ன?

இதை எழுதும்போது என் நெஞ்சு உறுத்துவதை மறைக்க விரும்பவில்லை. அணைக்கட்டில் எங்கள் வீட்டில் பாட்டனார் விட்டுச் சென்ற ஒரு தகரப்பெட்டி நிறைய உர்தூ, அரபுக் கிதாபுகள் இருந்தன. ஓதி முடித்து வந்தபின் பார்த்துக் கொள்ளலாம் என்று பரணில் ஏற்றி வைத்தேன். ஏழு வருடம் கழித்து இறக்கியபோது மேலே இருந்தவை மட்டும்தான் கிதாபுகள். கீழே இருந்தவை கரையான் புற்று. ஓரங்களில் பாட்டனார் தம் கைப்பட எழுதிய குறிப்புகள் போனது போனதுதான். பள்ளிக்கூடத்தில் பட்டம் வாங்கிய பேரன் செய்த வேலை இது.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வைத்துக் காக்க இயலாவிட்டால் ஒரு மதரஸா நூலகத்துக்கு வக்ஃபாகக் கொடுத்து விடுங்கள். அல்லாமா அவர்கள் முப்பது வயதில் ஒரு பெரும் நூலைச் சுமந்தார்கள். நாம் ஒரு பெட்டியையாவது சுமப்போம்.

அன்னாரின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அமானிதங்களைப் பேணுவோராக நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.