யார் அந்த ‘மக்கள்’? ஆண்ட்ரூ ஜாக்சன் வாழ்வு சொல்லும் பாடம்

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டிய 1845ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் ஏழாவது குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் மறைந்தார்.

1767இல் ஏழைக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் அநாதையானார். வழக்கறிஞராகவும் படைத்தளபதியாகவும் உயர்ந்து, எளிய மக்களின் தலைவராக 1829இல் பதவியேற்றார். அந்த ‘மக்கள்’ வெள்ளையின ஆண்கள் மட்டுமே. அவருடைய பருத்தித் தோட்டத்தில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்தனர்.

1830இல், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டத்தில் ஜாக்சன் கையொப்பமிட்டார். மதுரைக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே அமெரிக்க அமைப்பைச் சேர்ந்த சாமுவேல் வொர்செஸ்டர், ஜார்ஜியா மாநிலத்தின் அனுமதியின்றிச் செரோக்கி நிலத்தில் வாழ்ந்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியேற்றம் மட்டும் நிற்கவில்லை. ஜாக்சன் பதவிக்காலம் முடிந்த மறு ஆண்டே, 1838இல், செரோக்கியர் துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டனர். சுமார் 4,000 பேர் மாண்டனர்.

பழனி மலையின் பளியருக்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உண்டு. சட்டமோ தீர்ப்போ தானாக நிலத்தைக் காப்பதில்லை. இம்மலையில் அமெரிக்க வரலாறு பயிலும் மாணவர்கள் ஜாக்சனிடமிருந்து கற்க வேண்டியது இதுவே.