காது கேளாத இளவரசி

இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் 1885-இல் பிறந்த இளவரசி ஆலிஸ், பிறவியிலேயே செவிப்புலன் இழந்தவர். பிறர் உதட்டசைவைக் கண்டே பல மொழிகளில் உரையாடப் பழகினார். கிரேக்க இளவரசர் ஆண்ட்ரூவை 1903-இல் மணந்தார். எலிசபெத் மகாராணியாரின் கணவர் பிலிப் இவர் மகனே. 1922-இல் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. பின்னர் மனநோய்க்கு ஆளாகி, சில ஆண்டுகள் மருத்துவ விடுதியில் கழித்தார். குணமடைந்தபின் உறவினர் அரண்மனைகளை நாடாமல், ஏதென்ஸில் சிறு வீடொன்றில் குடியேறி ஏழைகளுக்குத் தொண்டாற்றியதுதான் வியப்பு.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் அந்நகரைப் பிடித்தபோது மக்கள் பசியால் மடிந்தனர். ஆலிஸ் கஞ்சி வார்த்தார். தங்கையைப் பார்க்கும் சாக்கில் சுவீடன் சென்று மருந்துகள் கொணர்ந்தார். 1943-இல் கோஹன் என்னும் யூதக் குடும்பத்தாரைத் தாம் தங்கியிருந்த இல்லத்திலேயே ஒளித்துவைத்தார். அவர்தம் மருமகன்கள் ஜெர்மானியப் படையில் இருந்தவர்கள் என்பதை எண்ணினால் அத்துணிவு விளங்கும். இரகசியப் போலீசார் விசாரித்தபோது, செவிட்டுத்தன்மையைக் காட்டி, ஒன்றும் புரியாதவர்போல் இருந்துவிட்டார். மறைந்திருந்தோர் பிழைத்தனர்.

1949-இல் செவிலியத் தொண்டுக்கென ஒரு துறவுச் சங்கம் நிறுவினார். 1960-இல் ராஜகுமாரி அம்ரித் கௌரின் அழைப்பையேற்று இந்தியா வந்தார். நம் சமயச் சிந்தனையில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. 1969-இல் லண்டனில் மறைந்தபோது, யாவற்றையும் ஈந்துவிட்ட அவரிடம் எஞ்சியவை மூன்று அங்கிகளே. அவர் விரும்பியவாறே 1988-இல் அவரது உடல் ஜெருசலேமின் ஒலிவ மலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.