பையில்லாத சோலோ பயணி: தோளில் உழவாரத்தோடு நடந்த அப்பர் பெண்ணாடத்தில் கேட்டது என்ன?

ஷாங்காயிலோ செங்டுவிலோ தனியாகப் போய் இறங்கி, ஹாஸ்டலில் பையைப் போட்டுவிட்டு, எந்தத் திட்டமும் இல்லாமல் நாலு நாள் தெருத் தெருவாகச் சுத்திப் பார்ப்பது இன்று பலருக்குக் கனவு. சோலோ ட்ராவல், ஸ்லோ ட்ராவல் என்று இதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

1,400 ஆண்டுகளுக்கு முன்பும் இப்படிக் கிளம்பியவர்கள் உண்டு. இன்று சியான் எனப்படும் சீனத்தின் சாங்ஆன் நகரிலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி யுவான் சுவாங், 640 வாக்கில் காஞ்சிபுரம் வரை வந்தார். முதுகில் சுவடிக்கூடையைச் சுமந்தபடி நிற்பவராகத்தான் பிற்கால ஓவியங்கள் அவரைக் காட்டுகின்றன. அவருடைய நோக்கம் தெளிவானது. நூல்களைச் சேகரிக்க வேண்டும், ஊர் திரும்ப வேண்டும். 645இல் திரும்பியும் விட்டார்.

அதே நூற்றாண்டில் கடலூர்ப் பக்கத்து மனிதர் ஒருவரும் நடந்துகொண்டே இருந்தார். அவருக்குக் கொண்டுபோகச் சுவடி இல்லை, திரும்பிப்போக வீடும் இல்லை. தோளில் புல் செதுக்கும் கருவி ஒன்று மட்டும் இருந்தது. திருநாவுக்கரசர் என்பது பட்டப்பெயர். நாம் அறிந்த பெயர் அப்பர்.

கிளம்பும் முன்பு அவர் யார்?

பண்ருட்டி அருகே உள்ள திருவாமூரில் பிறந்தவர். பெற்றோர் புகழனார், மாதினியார். வைத்த பெயர் மருள்நீக்கியார். அக்கா திலகவதி.

அந்த வீட்டில் சாவு அடுத்தடுத்து விழுந்தது. முதலில் அப்பா போனார், பிறகு அம்மா. திலகவதிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் என்ற படைத்தலைவர் போரில் மாண்டார். தானும் உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பி தனியாகிவிடுவான் என்பதற்காகவே வாழ்ந்தார்.

நிலையாமையைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்ட மருள்நீக்கியார் சமண சமயத்தில் சேர்ந்தார். பாடலிபுத்திரம் என்று பெயர் பெற்றிருந்த, இன்றைய கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்போது பெரிய சமணப் பள்ளி இருந்தது. பாடலிகை என்ற ஊரில் 458இல் எழுதி முடிக்கப்பட்ட லோகவிபாகம் என்ற சமண நூல் இங்கே உருவானதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படிப்பட்ட இடத்தில் தருமசேனர் என்ற பெயருடன் மதிப்புமிக்க ஆசிரியராக உயர்ந்தார் அவர்.

எங்கே திருப்பம்?

வயிற்றில்தான். சூலை நோய் தாக்கியது. எந்த வைத்தியத்துக்கும் வலி கட்டுப்படவில்லை. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போக, அவர் பாடினார், வலி நின்றது, நாவுக்கரசு என்ற பெயர் கிடைத்தது என்கிறது பெரியபுராணம்.

பல்லவ மன்னன் இதைச் சும்மா விடவில்லை. சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு கலந்த பால்சோறு, மதயானை, கடைசியாகக் கல்லில் கட்டிக் கடலில் எறிதல் என்று தண்டனைகள் நீண்டன. கல்லே தெப்பமாகி அவரைக் கரை சேர்த்தது என்பது கதை. கடலூர் அருகே கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது.

பிறகு மன்னனும் சைவத்துக்கு மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான் என்கிறது புராணம். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அதனால்தான் அந்த மன்னன் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கதையை எழுதிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுக்காரர், சைவர். அப்பருக்கும் அவருக்கும் நடுவே சுமார் 500 ஆண்டு இடைவெளி. இது ஒரு தரப்பு சொன்ன கதைதான். இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், அங்கே ஏராளமான பௌத்தர்களையும் சமணர்களையும் பார்த்ததாகவே எழுதியிருக்கிறார்.

பெண்ணாடத்தில் என்ன நடந்தது?

நோய் தீர்ந்தது, அரசன் பணிந்தான், ஊர் கொண்டாடியது. ஆனால், அவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நடக்கத் தொடங்கினார். திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவலூர் எல்லாம் கடந்து, வெள்ளாற்றை ஒட்டிய பெண்ணாகடத்துக்கு வந்தார். இன்று விழுப்புரம் – திருச்சி ரயிலில் போகிறவர்கள் ஸ்டேஷன் பலகையில் பார்க்கும் பெண்ணாடம்தான் அது. சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் பிறந்த ஊராகவும் சைவர்கள் கொண்டாடும் ஊர்.

இங்குள்ள பிரளயகாலேசுவரர் கோயிலின் பழம்பெயர் தூங்கானைமாடம். படுத்துத் தூங்கும் யானையின் முதுகுபோல, பின்பக்கம் வளைந்திருக்கும் கருவறை அமைப்பால் வந்த பெயர்.

அப்பர் இங்கே செல்வம் கேட்கவில்லை, முக்தியும் கேட்கவில்லை. சமணராக இருந்த இந்த உடம்போடு வாழ விருப்பமில்லை, உன் சூலக்குறியையும் இடபக்குறியையும் இதில் பொறித்துவிடு என்று கேட்டார். சிவபூதம் ஒன்று வந்து யாரும் அறியாதபடி தோளில் அந்த முத்திரைகளைப் பொறித்தது என்கிறது புராணம்.

அதிசயத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அந்த வேண்டுதலின் கனம் குறையாது. வாழ்க்கையின் பெரும்பகுதியை வேறொரு பாதையில் செலவழித்துவிட்டுத் திரும்பியவர் அவர். மற்றவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். அவரால்தான் அவரை ஏற்க முடியவில்லை. நடுவயதில் துறை மாறியவர்களுக்கும், விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கும் இந்தத் தவிப்பு புதிதல்ல. பெண்ணாடத்துக்குப் பிறகு அவர் நடையில் அந்தப் பதற்றம் தெரியவில்லை.

ஊர்களில் என்ன செய்தார்?

அடுத்து திருவட்டத்துறை, முதுகுன்றம் என்னும் விருத்தாசலம், அங்கிருந்து ஆற்றங்கரை வழியே தில்லை. இன்றைய சாலைக் கணக்கில் பெண்ணாடத்திலிருந்து சிதம்பரம் சுமார் 60 கிலோமீட்டர். அங்கே போனதும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடவில்லை. தங்கினார், பாடினார், கோயிலிலும் வீதிகளிலும் உழவாரத்தால் புல்லைச் செதுக்கினார். எந்த ஊருக்குப் போனாலும் இதேதான். பார்வையாளராக அல்ல, வேலைக்காரராகவே ஊருக்குள் நுழைந்தார்.

சீர்காழியில் சிறுவரான சம்பந்தரைச் சந்தித்தபோது, அந்தப் பிள்ளை அவரை அப்பா என்ற பொருளில் அப்பரே என்று அழைக்க, அதுவே பெயராக நிலைத்தது. திங்களூரில், அவரைப் பார்த்தே இராத அப்பூதி அடிகள் தன் பிள்ளைகள் முதல் தண்ணீர்ப்பந்தல் வரை அவர் பெயரையே வைத்திருந்தார். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியில் தளர்ந்தபோது, முதியவராக வந்து பொதிசோறு கொடுத்தது சிவனே என்பார்கள்.

திருவீழிமிழலைக் கதை இன்னும் ருசியானது. பஞ்சகாலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு கோயிலில் கிடைத்தது. சம்பந்தரின் காசைக் கடையில் வாசி பிடித்துத்தான் வாங்கினார்கள். அப்பரின் காசு முழு மதிப்புக்குப் போனது. காரணம், அவர் கையால் வேலை செய்கிறவர்.

போன ஊர்களைப் பட்டியலும் போட்டார். அடைவுத் திருத்தாண்டகத்தில் பள்ளி, குடி, ஊர், காடு, வாயில், ஆறு என்று முடியும் தலங்களை வகைவகையாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார். நம்மிடம் எஞ்சியிருக்கும் அவர் பாடல்கள் 3,000க்கும் மேல். திருமுறைகளில் 4, 5, 6 அவருடையவை.

எட்டாத இடம் உண்டா?

உண்டு. முதுமையில் கயிலாயத்துக்குக் கிளம்பினார். இன்று சீனாவின் திபெத் பகுதியில் இருக்கும் அதே மலைதான். காளத்தி, திருப்பருப்பதம் வழியாகக் காசி வரை போனார். அங்கே உடன் வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியே நடந்தார். பாதம் தேய்ந்தது. கையால் ஊன்றினார், மார்பால் நகர்ந்தார், கடைசியில் புரண்டார். எதிரே வந்த முனிவர், இந்த உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்றார். அவர் மறுத்தார். பக்கத்துக் குளத்தில் மூழ்கச் சொன்னது ஒரு குரல். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். கயிலையில் காண நினைத்ததை அங்கேயே கண்டார். ஆண்யானையும் பெண்யானையுமாக, சேவலும் பேடையுமாக எதிரே வந்த உயிர்கள் எல்லாம் அவருக்குச் சிவனும் சக்தியுமாகத் தெரிந்தன.

பயணம் எங்கே முடிந்தது?

நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருப்புகலூரில். அங்கும் புல் செதுக்கும் வேலைதான். ஒருநாள் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தன. பருக்கைக் கற்களோடு சேர்த்து அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். 81 வயதில் சித்திரைச் சதயத்தில் மறைந்தார் என்பது மரபு.

அந்த நாளில் சிவாலயங்களில் இப்போதும் அவருக்குக் குருபூஜை நடக்கிறது. விடுமுறை நாட்களில் வேன் பிடித்துப் பழைய கோயில்களுக்குப் போய்ப் புதர் வெட்டிச் சுத்தம் செய்கிற இளைஞர் குழுக்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அவர்களில் ஐடி வேலைக்காரர்களும் உண்டு. அவர்கள் செய்யும் வேலைக்குப் பெயர் உழவாரப்பணி.