திராட்சைக்குக் கிடைத்த மருந்து கோப்பிக்குக் கிடைக்கவில்லை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு ஏறும் வழியில் மிளகும் கொக்கோவும் ஏலமும் தேயிலையும்தான் இன்று கண்ணில் படும். கோப்பி வீட்டு வளவுகளில் ஒன்றிரண்டாக நிற்கும். 150 ஆண்டுகளுக்கு முன் மாத்தளை மலைகள் கோப்பியின் கையில் இருந்தன. மன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளூடாக நடந்து, வாந்திபேதிக்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்து வந்த எங்கள் சனங்களை இங்கே இழுத்தது அந்தப் பயிர்தான்.

அதை அழித்த நோயைச் சரியாக விளங்கிக்கொண்டவர் ஹரி மார்ஷல் வார்ட். 1854இல் இங்கிலாந்தின் ஹெரிபோர்ட்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டபோது வயது 26 மட்டில்.

இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகப் படிவது ஒரு பங்கசு என்பது 1869இலேயே தெரியும். ஐரோப்பாவில் திராட்சையின் சாம்பல் நோய்க்குத் தூவிய கந்தகத்தை இங்கே கோப்பிக்கும் தூவிப் பார்த்தார்கள். வார்ட் வேறு கேள்வி கேட்டார்: இது எப்படிப் பரவுகிறது? கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பிச் செடிகளிடையே வைத்தார். காற்றில் வந்த வித்திகள் அவற்றில் ஒட்டின. ஈர இலையில் அவை முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு மேலே எதைத் தூவியும் பயனில்லை. மலைக்கு மலை ஒரே செடியை நட்டதே நோய்க்குத் தீனி என்றும் அவர் கண்டார். துரைமாருக்கு வேண்டியிருந்ததோ மருந்து. அது அவரிடம் இருக்கவில்லை. 1882இல் திரும்பிவிட்டார்.

அதே ஆண்டுகளில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அடிச்சாம்பல் நோய் தின்றுகொண்டிருந்தது. போர்தோவில், திருடர்களை விரட்டத் தெருவோரக் கொடிகளில் பூசிய மயில்துத்தமும் சுண்ணாம்பும் நோயையும் விரட்டுவதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885இல் அந்தக் கலவையை வெளியிட்டார். வித்தி நுழையுமுன் இலையின் மேலேயே அதைத் தடுக்கும் வழி அது. யாழ்ப்பாணத்துத் திராட்சைப் பந்தல்காரருக்குப் போர்தோக் கலவை புதிதல்ல. கோப்பித் துருவுக்கும் இன்று செம்பு மருந்து அடிக்கிறார்கள். ஆனால் அப்போது இலங்கைக் கோப்பி சரிந்துவிட்டிருந்தது. தொழிலாளர் பலர் கடல் தாண்டித் திரும்பினார்கள். நின்றவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். தோட்டங்கள் நொடிந்த கணக்கைத் துரைமார் எழுதிவைத்தார்கள். திரும்பி நடந்தவர்களின் கதையை யாரும் அவ்வளவு அக்கறையாக எழுதவில்லை.

வார்ட் ஆராய்ச்சியை விடவில்லை. திராட்சைச் சாற்றை வைனாக்குவது மதுவம் என்று பாஸ்டர் ஏற்கெனவே காட்டியிருந்தார். இஞ்சி பியரைப் புளிக்கவைக்கும் கட்டிகளில் மதுவமும் பக்றீரியாவும் சேர்ந்தே வாழ்வதை வார்ட் 1892இல் பிரித்துக் காட்டினார். இரண்டையும் மீண்டும் சேர்த்து அந்தக் கட்டியையே உருவாக்கினார். 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார். 1906இல் டோர்க்கேயில் இறந்தபோது அவருக்கு வயது 52.