கண்டாங் கெர்பாவில் ஒரு தமிழ் டாக்டர்



சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சிராங்கூன் ரோட்டில் சேலையும் நகையும் பார்த்திருப்பீர்கள். அப்படியே ஃபேரர் பார்க் பக்கம் நடந்தால் ரேஸ்கோர்ஸ் ரோடு, கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு என்று பெயர்ப்பலகைகள் வரும். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயமும் மாட்டு வியாபாரமும் நடந்த வட்டாரம் அது. அங்கே எழுந்த ஆஸ்பத்திரிக்கும் எருமைக் கொட்டில் என்ற பெயரே நிலைத்துவிட்டது. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் அதுதானே பொருள்!

1924இல் அது பிரசவ ஆஸ்பத்திரியானது. 1966இல் மட்டும் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல்! உலக சாதனைப் புத்தகத்திலும் அது ஏறியது.

இத்தனை குழந்தைகளின் அழுகுரலுக்கு நடுவே, மடி காலியாக வந்து நின்ற பெண்களும் உண்டு. அவர்களுக்காக உழைத்த ஒருவரைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வந்தேன். அவர் பேராசிரியர் ரத்தினம். முழுப்பெயர் சிற்றம்பலம் சண்முகரத்தினம். 1928இல் இலங்கையில் பிறந்த தமிழர். அங்கே மருத்துவம் படித்துச் சிங்கப்பூர் வந்தவர், 1970 முதல் 1995 வரை பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறைக்குத் தலைவராக இருந்தார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1972இல் சிங்கப்பூர் அரசு இரண்டு பிள்ளையோடு போதுமென்று பிரசாரம் தொடங்கியது. ரத்தினமும் கருத்தடை ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்தான். பிள்ளை வேண்டாமென்பவர்களைப் பற்றியே ஊரெல்லாம் பேசிய வேளையில், பிள்ளை வேண்டுமென்று தவித்தவர்களையும் அவர் மறக்கவில்லை. ஊர் ஒதுக்கியவர்களுக்கும் அவர் கதவு திறந்தது. ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழத் தவித்த ஒருவருக்கு 1971இல் அவர் செய்த அறுவை சிகிச்சை, இந்த வட்டாரத்துக்கே புதிது.

நம் பக்கம் என்ன வழக்கம்? கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லையென்றால் பெண்ணைத்தான் மலடி என்போம். வளைகாப்புக்கும் கூப்பிடமாட்டோம். ஆனால் மாட்டுக்குச் சினை பிடிக்கவில்லையென்றால் காளையையும் சேர்த்துச் சந்தேகப்படுவோம்! மனுசிக்கு அந்த நியாயம் கிடைப்பதில்லை.

மாட்டுக்கு ஊசி மூலம் சினை பிடிக்கவைப்பது நமக்குப் பழகிய விஷயம். இந்த மருத்துவமே விலங்குகளிடமிருந்து வந்ததுதான். சீனாவில் பிறந்த சாங் என்ற விஞ்ஞானி, 1959இல் அமெரிக்காவில் முயலின் முட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கிக் குட்டி பிறக்கச் செய்தார். மனிதரில் அது கைகூடியது 1978 ஜூலையில், இங்கிலாந்தில். சோதனைக் குழாய்க் குழந்தை என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பிள்ளை குழாயில் வளர்வதில்லை. தாயின் முட்டையை எடுத்து, சிறு கண்ணாடித் தட்டில் தந்தையின் உயிரணுவோடு சேர்த்து, கருவானதும் தாயின் வயிற்றில் வைத்துவிடுவார்கள். பத்து மாதமும் சுமப்பவள் அவள்தான். எல்லார்க்கும் அது பலிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரத்தினத்தின் குழுவினர் இதில் இறங்கினர். 1983 மே 19ஆம் நாள், கண்டாங் கெர்பாவில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று உலகம் அதைக் கொண்டாடியது. ஆனால் 1978 அக்டோபரிலேயே கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இதைச் சாதித்திருந்தார். அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. மனமுடைந்து 1981இல் மறைந்தார். செத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். ரத்தினத்துக்கு வாய்த்த ஆதரவு அவருக்கு வாய்க்கவில்லை.

ரத்தினம் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இனி வருவது. மனிதக் கருவை ஆராயும் தம் கூடத்தில் ஒரு மாட்டு டாக்டருக்கு இடம் கொடுத்தார்! பேராதனையில் கால்நடை மருத்துவம் படித்த ஆரிஃப் போங்சோதான் அவர். தாயின் கருக்குழாய்ச் செல்களைப் பக்கத்திலே வைத்தால், தட்டிலுள்ள கரு ஐந்தாம் நாள் வரை செழிப்பாக வளரும் என்று கண்டு சொன்னவர். 1989இல் இந்தக் குழு இன்னொரு காரியம் செய்தது. ஆணின் உயிரணு பலவீனமாயிருந்தால், அதை நுண்ணிய ஊசியால் முட்டையின் ஓட்டுக்குள் செலுத்தி, உலகிலேயே முதன்முறையாக அவ்வழியில் ஒரு குழந்தையைப் பிறக்கவைத்தது. குறை ஆணிடமும் இருக்கலாம் என்று வாயால் சொல்லாமல் செய்து காட்டினார்கள்.

1994இல் மனிதக் கருவின் மூலச் செல்களைப் பிரித்தெடுத்துப் போங்சோ வெளியிட்ட கட்டுரையில், உடன் எழுதியோர் வரிசையில் ரத்தினத்தின் பெயரும் இருக்கிறது. மறுவருடம் தலைமைப் பதவியை விட்டார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தம் 73ஆம் வயதில் சிங்கப்பூரில் காலமானார்.

ஆஸ்பத்திரி 1997இல் பக்கத்திலேயே புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. பழைய கட்டடம் ஹாம்ப்ஷயர் ரோட்டில் இன்னும் நிற்கிறது. அடுத்த முறை தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனால், இரண்டு நிமிஷம் நடந்துபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.