புனித ஜெரோமும் யோனாவின் செடியும்



பங்குகளில் பணியாற்றும் குருக்களிடம் நம் முதியோர் முன்வைக்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்று தாம் சிறுவயது முதல் வாசித்தும் மன்றாடியும் வந்த பெயர்கள், 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் யோவான், பேதுரு, பவுல் என மாறிவிட்டனவே. அப்படியானால் இத்தனை காலமும் நாம் வாசித்தது பிழையா என்பதே அம்முறைப்பாடு. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. பிழையே இல்லாத ஒரு மொழிபெயர்ப்பு உண்டா, உண்டெனில் அது எது என்ற கேள்வி திருச்சபையின் மாபெரும் அறிஞர்களையே ஒருவரோடொருவர் மோத வைத்த கேள்வியாகும். அந்த மோதலின் நடுவில் நின்றவரே எரோணிமுஸ் எனவும் அழைக்கப்படும் புனித ஜெரோம். செப்டெம்பர் 30ஆம் திகதி நாம் அவரது விழாவைக் கொண்டாடுகின்றோம். அவருடைய வாழ்வை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஜெரோம் 347ஆம் ஆண்டளவில், தல்மாத்தியா, பன்னோனியா ஆகிய உரோமை மாநிலங்களின் எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்ற சிற்றூரில் பிறந்தார். கோத்தியரால் அழிக்கப்பட்ட அவ்வூர் இருந்த இடம் இன்றும் திட்டமாக அடையாளங் காணப்படவில்லை. வசதி படைத்த கிறிஸ்தவப் பெற்றோர் அவரை உரோமைக்கு அனுப்பிப் படிக்கவைத்தனர். அங்கே புகழ்பெற்ற இலக்கண ஆசிரியரான தொனாத்துஸ் அவருக்குக் கற்பித்தார். இலத்தீன் இலக்கியத்தில், சிறப்பாகச் சிசேரோவின் நடையில், அவ்விளைஞர் தம்மை மறந்தார். திருமுழுக்கும் அந்நகரிலேயே பெற்றார்.

பின்னர் துறவு வாழ்வை நாடிக் கீழைத் தேசத்துக்குப் புறப்பட்டபோதும், உரோமையில் பாடுபட்டுச் சேர்த்த நூல்களைக் கைவிட அவரால் இயலவில்லை. வீட்டையும் உறவினரையும் சுவையான உணவையும் துறந்தவர், புத்தகப் பொதியை மட்டும் தூக்கிக்கொண்டு சென்றார். அந்தியோக்கியாவில் தவக்காலத்தில் கடுங் காய்ச்சலில் கிடந்த வேளை அவர் கண்ட கனவு உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். நடுவரின் அரியணை முன் நிறுத்தப்பட்டு, தாம் யாரென வினவப்பட்டபோது கிறிஸ்தவன் என்றார். நடுவரோ அதை மறுத்து, அவர் சிசேரோவின் சீடரேயன்றிக் கிறிஸ்துவின் சீடரல்லர் எனத் தீர்ப்பளித்துச் சாட்டையால் அடிப்பித்தார். உலகியல் நூல்களை இனித் தொடுவதில்லை என ஜெரோம் வாக்களித்தார். அந்த வாக்கை அவர் முழுமையாகக் காத்தாரா என்பது வேறு கதை. பிற்காலத்தில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியபோது, கனவில் கொடுத்த வாக்குக்குக் கணக்குக் கேட்பதா எனச் சீறினார். நம் புனிதர் அத்தகைய சுபாவமுடையவர்தான்.

கல்சிஸ் பாலைநிலத்தில் தவம் புரிந்த ஆண்டுகளிலேயே அவர் எபிரேயம் கற்கத் தொடங்கினார். யூத சமயத்திலிருந்து மனந்திரும்பிய துறவி ஒருவர் ஆசிரியரானார். இலத்தீனின் இனிமையில் தோய்ந்த செவிக்கு, தொண்டையிலிருந்து எழும் அந்த ஒலிகள் கரடுமுரடாகக் கேட்டன. பலமுறை மனஞ்சோர்ந்து விட்டுவிட்டார். மீண்டும் மீண்டும் எடுத்தார். அக்காலத்தில் மேலைத் திருச்சபையில் எபிரேயம் அறிந்தவர் அநேகமாக எவருமில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் அந்தியோக்கியாவில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்; கொன்ஸ்தாந்திநோப்பிளில் நாசியான்சு நகரப் புனித கிரகோரியாரிடம் பாடங் கேட்டார்.

382ஆம் ஆண்டு உரோமைக்குத் திரும்பிய அவரைப் பாப்பரசர் புனித தமாசுஸ் தமக்கு உதவியாளராக வைத்துக்கொண்டார். அந்நாட்களில் இலத்தீன் வேதாகமத்தின் நிலை கவலைக்குரியதாயிருந்தது. பலர் பல இடங்களில் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்திருந்தனர். படியெடுத்தோர் தூங்கி வழிந்து விட்ட பிழைகளும், திருத்துவதாக எண்ணிச் சிலர் புகுத்திய பிழைகளும் மலிந்து, பிரதிக்கொரு பாடம் என்ற நிலை இருந்தது. நற்செய்திகளைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுச் சீர்செய்யுமாறு பாப்பரசர் பணித்தார். 384ஆம் ஆண்டு ஜெரோம் அப்பணியை முடித்துக் கையளித்தார். பொருள் பிறழ்ந்த இடங்களை மாத்திரமே திருத்தி, ஏனையவற்றைப் பழகிய வடிவிலேயே விட்டார். அவ்வாறிருந்தும் தம்மை வேதத்தைப் புரட்டியவர் என ஏசுவார்கள் என்பதை அவர் முன்கூட்டியே எழுதிவைத்தார். அது அப்படியே நடந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் தமாசுஸ் இறைவனடி சேர்ந்தார். ஜெரோமின் ஆன்மிக வழிகாட்டலில் இருந்த பவுலா என்ற உயர்குல விதவையின் மகள் பிளெசில்லா, கடும் நோன்புகளின் பின் இறந்ததும் அவ்வாண்டிலேயே. பழி ஜெரோமின் மீது விழுந்தது. குருக்களின் சொகுசு வாழ்வை அவர் எழுத்தில் கிழித்திருந்ததால், அவருக்காகப் பரிந்து பேச அதிகம் பேர் இருக்கவில்லை. 385ஆம் ஆண்டு அவர் உரோமையை விட்டு வெளியேறினார். மீண்டும் அந்நகரைக் காணவேயில்லை.

பவுலாவும் அவருடைய மற்றொரு மகள் யூஸ்தோக்கியமும் பின்தொடர்ந்தனர். 386ஆம் ஆண்டு மூவரும் பெத்லகேமில் குடியேறினர். பவுலாவின் செல்வத்தால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் துறவு மடங்கள் எழுந்தன. திருப்பயணிகளுக்கு விடுதி ஒன்றும் அமைந்தது. ஜெரோமின் பெயரைச் சொல்லும் நாம் இப்பெண்களை மறந்துவிடுவது நன்றியன்று. பவுலா எபிரேயம் கற்று, அம்மொழியிலேயே திருப்பாடல்களைப் பாடும் அளவுக்குத் தேறினார். மொழிபெயர்த்த நூல்கள் பலவற்றை ஜெரோம் தாயின் பெயருக்கும் மகளின் பெயருக்கும் காணிக்கையாக்கினார். பெண்களுக்கு இத்தகைய நூல்கள் எதற்கென ஏளனஞ் செய்தோருக்கும் தக்க பதில் கொடுத்தார். பவுலா 404ஆம் ஆண்டு இறந்தபோது, அனைத்தையும் பிறருக்கு ஈந்தவராய், மகளுக்குக் கடனையே விட்டுச்சென்றார்.

பெத்லகேமில்தான் அவரது மாபெரும் பணி தொடங்கியது. அதுவரை இலத்தீன் மக்கள் வாசித்த பழைய ஏற்பாடு, எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்க நூலிலிருந்து பெயர்க்கப்பட்டது. அதாவது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஜெரோம் எபிரேய மூலத்துக்கே நேராகச் செல்லத் துணிந்தார். பராநினா என்ற யூத ஆசிரியர், தம் இனத்தாருக்கு அஞ்சி, நற்செய்தியில் வரும் நிக்கதேமைப் போல இரவில் வந்து கற்பித்தார். 390ஆம் ஆண்டளவில் தொடங்கி 405ஆம் ஆண்டளவில் அப்பணி நிறைவடைந்தது.

இங்கேதான் பெரும் வழக்கு எழுந்தது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பை அப்போஸ்தலர் காலந்தொட்டுத் திருச்சபை வாசித்து வந்தது. மொழிபெயர்த்த மூப்பர்கள் தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டும் சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி எழுதினர் என்றும், ஆகவே அது தூய ஆவியின் ஏவுதலால் பிறந்த குறையற்ற நூல் என்றும் பலர் நம்பினர். ஜெரோம் அந்த அறைகளின் கதையை வெறுங் கட்டுக்கதை என்றார். இறைவாக்கினர் வேறு, மொழிபெயர்ப்பாளர் வேறு; முன்னவர் ஆவியால் ஏவப்பட்டு வருவதுரைப்பவர், பின்னவர் தம் கல்வியையும் சொல்வளத்தையும் கொண்டு தாம் விளங்கிக்கொண்டதைத் தருபவர் என்பது அவர் கொள்கை. எந்த மொழிபெயர்ப்பும், தம்முடையது உட்பட, மூலத்தின் முன் வைத்துச் சோதிக்கப்படவேண்டியதே என்பது அதன் பொருள்.

ஆபிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராயிருந்த புனித அகுஸ்தீனாருக்கு இது அச்சமூட்டியது. அவர் 394ஆம் ஆண்டளவில் எழுதிய முதற்கடிதம் உரிய காலத்தில் பெத்லகேமை அடையவில்லை. அடுத்ததொன்று உரோமையில் பலர் கைகளில் உலவிய பின்னரே ஜெரோமுக்குத் தெரியவந்து, அவரது கோபத்தைக் கிளறியது. 403ஆம் ஆண்டு அகுஸ்தீனார் எழுதிய கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டார். இன்று லிபியாவின் திரிப்போலி நகராக விளங்கும் ஓயாவில், ஆயர் ஒருவர் ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பில் யோனா நூலை ஆலயத்தில் வாசிக்கச் செய்தார். தலைமுறை தலைமுறையாக மக்கள் கேட்டு நெஞ்சிற் பதித்திருந்த ஒரு சொல் மாறியிருந்தது. கூட்டம் கொதித்தெழுந்தது. ஊரிலிருந்த யூதரிடம் ஆயர் விசாரிக்க நேர்ந்தது. அவர்களோ, அறியாமையாலோ வேண்டுமென்றோ, பழைய பாடமே எபிரேயத்திலும் இருப்பதாகக் கூறிவிட்டனர். மக்களின்றித் தனித்து நிற்க விரும்பாத ஆயர் பழைய சொல்லுக்கே திரும்பினார்.

அச்சொல் எதுவென அகுஸ்தீனார் எழுதவில்லை. ஆனால் ஜெரோமுக்குப் புரிந்தது. நினிவேக்கு வெளியே வெயிலில் அமர்ந்திருந்த யோனாவின் தலைக்கு மேலாகக் கடவுள் முளைக்கச் செய்த செடியே அது. பழைய இலத்தீனில் அது சுரைக்கொடி. ஜெரோமின் மொழிபெயர்ப்பில் அது ஐவி எனப்படும் படர்கொடி. இதே செடிக்காக உரோமையில் ஒருவர் முன்னரே அவர்மேல் தெய்வநிந்தைக் குற்றஞ் சாட்டியிருந்தார். சுரைக்காய்ப் பிரியர்கள் என அவர் அத்தகையோரை நையாண்டி செய்தும் இருந்தார்.

அவருடைய விளக்கத்தைக் கவனியுங்கள். எபிரேயச் சொல் குறிக்கும் செடி, அகன்ற இலைகளோடு, கொழுகொம்பின்றித் தன் தண்டிலேயே நிமிர்ந்து, சில நாட்களில் விரைந்து வளர்ந்து நிழல் தருவது. அதற்கு இலத்தீனில் பெயர் இருப்பதாக அவர் அறியவில்லை. எபிரேயச் சொல்லை அப்படியே வைத்தால் எவருக்கும் விளங்காது. சுரை என்றால் மூலத்தில் இல்லாததைச் சொன்னதாகும். எனவே முன்னைய மொழிபெயர்ப்பாளர் சிலரைப் பின்பற்றி ஐவி என்றேன் என்றார். ஐவியோ கொழுகொம்பின்றி நிற்காத கொடி! தம் சொல்லும் சரியாகப் பொருந்தவில்லை என்பதை அவரே அறிந்திருந்தார். பிறரின் பிழையில் இத்துணை கடுமை காட்டியவர், தம் சொல்லின் குறையை மறைக்காது எழுதிவைத்தமை என்னைக் கவர்கின்றது. எனினும் ஓயாவின் மக்கள்மீதும் எனக்குக் கோபமில்லை. தாயின் மடியிற் கேட்ட வேத வசனத்தை ஒருவர் திடீரென மாற்றினால் நெஞ்சு பதறுவது விசுவாசத்தின் அடையாளமுமாகும்.

அகுஸ்தீனாரின் கவலையும் அற்பமானதன்று. கிரேக்கரும் இலத்தீனரும் வெவ்வேறு வேதாகமம் வாசித்தால் திருச்சபையின் ஒற்றுமை என்னாவது என அவர் கேட்டார். இருவரும் பின்னாளில் அன்புடன் கடிதம் எழுதிக்கொண்டனர். அகுஸ்தீனார் ஜெரோமின் புலமையைப் பாராட்டிய போதும், எழுபதின்மர் மீதான மதிப்பை இறுதிவரை விடவில்லை.

ஜெரோம் தவறாதவர் என நான் சொல்லவரவில்லை. எபிரேயத்தில் இல்லாத தோபித்து, யூதித்து முதலிய நூல்களைத் திருமுறையில் சேர்க்க அவர் தயங்கினார். திருச்சபை அவர் கருத்தை ஏற்கவில்லை. தோபித்தை ஒரே நாளில் மொழிபெயர்த்தார். மோசேயின் முகம் ஒளிவீசியது என்னுமிடத்தில், ஒளிக்கும் கொம்புக்கும் எபிரேய வேர்ச்சொல் ஒன்றாயிருந்தமையால், கொம்புடைய முகம் என எழுதினார். உரோமையில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசே இன்றும் இரு கொம்புகளோடு அமர்ந்திருக்கின்றார். இளமைத் தோழராகிய ருபீனுஸோடு பகைத்து, அவர் இறந்த பின்னரும் வசைமொழியை நிறுத்தவில்லை. புனிதர் வரலாறுகளில் இதனைச் சிலர் விட்டுவிடுவர், நான் விடவில்லை.

410ஆம் ஆண்டு உரோமை கோத்தியரிடம் வீழ்ந்த செய்தி அவரை உலுக்கியது. அகதிகள் பெத்லகேமுக்கு வந்தபோது, எழுத்துப் பணியை நிறுத்தி அவர்களைப் பராமரித்தார். 416ஆம் ஆண்டு வன்முறைக் கும்பல் ஒன்று மடங்களைத் தாக்கித் தீயிட்டது. திருத்தொண்டர் ஒருவர் கொல்லப்பட்டார். கண்பார்வை மங்கி, விளக்கொளியில் எபிரேய எழுத்துக்களைக் காண இயலாத நிலையிலும், பிறர் எழுத அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் மொழிபெயர்ப்பு மெல்லமெல்லவே மக்களிடம் வேரூன்றி, வுல்காத்தா எனப் பெயர் பெற்றது. ஆயினும் எபிரேயத்திலிருந்து அவர் பெயர்த்த திருப்பாடல்கள் வழிபாட்டில் இடம்பெறவேயில்லை. மக்கள் மனனஞ் செய்து பாடிய பழைய பாடலே நிலைத்தது. ஓயாவின் மக்கள் அந்த ஒரு நூலில் வென்றுவிட்டார்கள் எனலாம்! 1546ஆம் ஆண்டு திரிதெந்து பொதுச்சங்கம் வுல்காத்தாவை அதிகாரபூர்வமானதென அறிவித்தபோதே, அதனைப் பிழைதிருத்தி அச்சிடவேண்டுமெனவும் கேட்டது. 1590ஆம் ஆண்டு பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் வெளியிட்ட பதிப்பு அவர் மறைந்ததும் மீளப் பெறப்பட்டு, 1592இல் பாப்பரசர் எட்டாம் கிளமெந்து காலத்தில் திருத்திய பதிப்பு வந்தது. விசுவாசத்திலும் ஒழுக்கத்திலும் வழுவாதது என்பதே அவ்வறிவிப்பின் பொருளென்றும், மூலமொழிகளை நாடுவதை அது தடுக்கவில்லையென்றும் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1943ஆம் ஆண்டு, ஜெரோமின் விழாவன்றே, விளக்கினார். 1979இல் புதிய வுல்காத்தா வெளிவந்தது. உங்கள் வீட்டுத் தமிழ் வேதாகமத்தில் யோனா நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சுரையுமில்லை, ஐவியுமில்லை. நம் வளவு வேலியோரங்களில் தானாக முளைக்கும் ஆமணக்கே இருக்கின்றது. பெயர் தெரியாமல் ஜெரோம் விவரித்த செடிக்கு அது நன்கு பொருந்துகின்றது.

420ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி அவர் பெத்லகேமில் கண்மூடியபோது, எரேமியா நூலுக்கு எழுதிவந்த விளக்கவுரை முடிவுறாமல் கிடந்தது. புனித பூமிக்குத் திருப்பயணஞ் சென்றோர் கண்டிருப்பீர்கள்: பெத்லகேமில் புனித கத்தரீனாள் ஆலயத்தினுள் படிகளில் கீழிறங்கினால், மீட்பர் பிறந்த குகைக்கு அடுத்துள்ள குகைகளுள் ஒன்றை, அவர் இருந்து எழுதிய அறையெனக் காட்டுவார்கள்.