சின்னப்பா அரசரத்தினம்: கோட்டைக்குள் எழுதிய கடிதங்களை நம்பாதவர்

பழவேற்காடு போயிருக்கீங்களா? ஏரி, படகு, இறால், பூநாரை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற ஊர். போனவர்கள் டச்சுக் கல்லறையையும், வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளையும் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை. இன்று அது புதர் மண்டிய மேடு. மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தின் பெயரில்தான் கோட்டை இன்னும் முழுசாக இருக்கிறது!

இதைப் பார்த்ததும் நமக்குள் ஒரு கதை தானாக ஓடும். வெள்ளைக்காரன் வந்தான், பீரங்கி வைத்தான், ஆண்டான், அவ்வளவுதான். இந்தக் கதை எவ்வளவு உண்மை என்று வாழ்நாள் முழுக்க சோதித்துப் பார்த்த ஒரு தமிழரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சின்னப்பா அரசரத்தினம் 1930இல் யாழ்ப்பாணத்தின் நவாலியில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, லண்டனில் முனைவர் பட்டம் வாங்கினார். எடுத்துக்கொண்ட தலைப்பு, இலங்கையில் டச்சு ஆட்சி. அதற்கு 17ஆம் நூற்றாண்டு டச்சு மொழியில், கையால் எழுதிய கடிதக் கட்டுகளைப் படிக்க வேண்டும். நமக்கு சீனியர் எழுதிய கோடையே படிக்க முடியவில்லை. அவர் அதைப் படித்தார்.

ஒரு ஒப்பந்தம், இரண்டு படிகள்

அந்த ஆய்வின் பின்னணி ஒரு துப்பறியும் கதை மாதிரி இருக்கும். போர்த்துக்கீசியரை விரட்ட, கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன் 1638இல் டச்சுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார். போர்த்துக்கீசிய மொழியில் இருந்த படியில், அரசர் விரும்பினால் மட்டுமே கோட்டைகளில் டச்சுப் படை தங்கலாம் என்று இருந்தது. டச்சுப் படியில் அரசர் விரும்பினால் என்ற சொற்களே இல்லை! 1656இல் கொழும்பு விழுந்தது. டச்சுக்காரர்கள் அதை அரசரிடம் ஒப்படைக்கவில்லை. போர்ச்செலவு பாக்கி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் அரசருக்கு எழுதும்போது மட்டும், கொழும்பு உங்கள் கோட்டை, நாங்கள் உங்கள் விசுவாசமான ஊழியர்கள் என்ற பாணி.

இதை வெறும் மரியாதைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பணிவான கதையே அவர்களுடைய வெளியுறவுக் கொள்கை. சண்டை போடாமல் கறுவாவை அள்ளிச் செல்ல அது உதவியது. 1766இல் கண்டியின் மேல் ஒரு புதிய ஒப்பந்தத்தைத் திணித்த பிறகுதான் கடற்கரை எங்களுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்த நாடகத்தின் நடுப்பகுதி, அதாவது 1658 முதல் 1687 வரை, அரசரத்தினத்தின் முதல் நூலாக 1958இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.

பழவேற்காட்டுக் கணக்கு

இலங்கையில் கற்பித்தவர் 1960களில் கோலாலம்பூருக்குப் போய் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்குப் பெலிக்காட் என்று பெயர். நம்ம பழவேற்காடு, ஐரோப்பியர் வாயில் புலிகாட் ஆனது. அந்தப் பெயர்தான் துணியோடு கடல் தாண்டிப் போனது. அந்தத் துணி எப்படிப் போனது என்பதையும் அவர் ஆராய்ந்தார். சோழமண்டலக் கரையின் வணிகர்களையும் கம்பெனிகளையும் பற்றிய பெரிய நூல் 1986இல் வந்தது.

1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். கோட்டை இருந்தது, பீரங்கி இருந்தது, வெடிமருந்து ஆலைகூட இருந்தது. ஆனால் நெசவாளியிடம் நேரே போய்த் துணி வாங்க அவர்களால் முடியவில்லை. மொழி தெரியாது, ஊர் தெரியாது, யாரை நம்பி முன்பணம் கொடுப்பது என்றும் தெரியாது. உள்ளூர் வணிகர்தான் முன்பணத்தை வாங்கி, நெசவாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, துணியைக் கொண்டுவந்து சேர்த்தார். மலையா, சின்னண்ணா என்ற செட்டி சகோதரர்கள் கம்பெனிக்குச் சரக்கும் கொடுத்தார்கள், சொந்தக் கப்பலும் விட்டார்கள், அரசவையில் செல்வாக்கும் வைத்திருந்தார்கள். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெளிக்கடலில் நிற்கும். சரக்கை ஏற்றி இறக்க உள்ளூர்ப் படகுக்காரர்கள் வேண்டும். கோட்டையின் அதிகாரம் சுவர் வரைதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அப்போ எப்போது நிலைமை மாறியது? 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் என்பது அரசரத்தினம் காட்டும் பதில். ஆங்கிலேயர் கையில் ஆட்சி வந்தபோது, வணிகரை ஒதுக்கிவிட்டு நெசவாளிகளைக் குமாஸ்தாக்கள் மூலம் நேரடியாகக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வாஸ்கோ ட காமா வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்ற கதை இங்கே உடைகிறது.

அதற்காக, நம்ம ஆட்கள் எல்லாரும் நல்லவர்கள் என்ற எதிர்க்கதைக்கும் இதில் இடமில்லை. இந்தியப் பெருங்கடலின் அடிமை வணிகம் பற்றியும் அவர் எழுதினார். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் பழவேற்காட்டிலிருந்து மனிதர்களைக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். வாங்கியது கம்பெனி. பிடித்துக் கொடுத்தவர்களில் உள்ளூர்த் தரகர்களும் இருந்தார்கள். நமக்குப் பெருமை தரும் பக்கத்தை மட்டும் படித்தால், இன்னொரு கட்டுக்கதைதான் மிஞ்சும்.

பிறகு ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேலில் உள்ள நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக நீண்ட காலம் பணியாற்றினார். 1998இல் இறந்தார். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரலாற்றுச் செய்தி வந்தால் அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதியது யார், யாருக்கு எழுதினார், எழுதினவருக்கு இதனால் என்ன லாபம்? மூன்று கேள்விதான். ஆர்வம் இன்னும் கூடுதலாக இருந்தால், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கேயும் டச்சு ஆவணங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூன்று மாதத்தில் புதுசாக ஒரு கோடிங் மொழி கற்றுக்கொள்கிற நம்மில், டச்சு கற்க ஒருவர்கூடவா கிடைக்க மாட்டார்?